கடைசி ஆள் யாரு?

ஹவானாவில் ஒரு செமஸ்டர் படிக்கப் போகும் வெளிநாட்டு மாணவரின் அன்றாடம்

ஹவானாவின் வேதாதோ பகுதியில் ஒரு பேருந்து நிறுத்தம். முப்பது பேராவது காத்திருப்பார்கள். வரிசையை மட்டும் காணமுடியாது. மர நிழலில் நால்வர், எதிர்க்கடை வாசல்படியில் இருவர், மதில்மேல் உட்கார்ந்து ஒருவர். புதிதாக வருகிறவர் கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாக ஒரு குரல் கொடுப்பார்: "கடைசி ஆள் யாரு?" எங்கிருந்தோ ஒரு கை உயரும். அந்த முகத்தை நினைவில் வைத்துக்கொண்டு அவரும் நிழல் தேடிப் போய்விடலாம். அடுத்து வருகிறவர் அதே கேள்வியைக் கேட்கும்போது கையை உயர்த்த வேண்டியது அவர் பொறுப்பு. பழகியவர்கள் கூடுதலாக ஒன்றும் கேட்டுவைப்பார்கள்: "உங்களுக்கு முன்னால யாரு?" நடுவில் இருப்பவர் அலுத்துப்போய்க் கிளம்பிவிட்டால் தன் இடம் தெரியாமல் போய்விடக் கூடாதல்லவா?

வங்கி, ரொட்டிக் கடை, ஐஸ்கிரீம் கடை, சினிமா, சிம் கார்டு, எங்கும் இதே முறைதான். ஸ்பானிய இலக்கணத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வரும் வெளிநாட்டு மாணவர், இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டே தொடக்க நாள்களைக் கழிப்பார். கூச்சம் போனபிறகுதான் நகரம் திறக்கும். சாப்பாடு எங்கே கிடைக்கும், இன்று தண்ணீர் வருமா, எந்த வண்டி எந்தப் பக்கம் போகும், பாடப்புத்தகத்தின் நகல் யாரிடம் இருக்கிறது என்று ஒவ்வொன்றையும் யாரோ ஒருவரிடம் கேட்டாக வேண்டும். கைபேசித் திரையைத் தடவியே வழியும் உணவும் வண்டியும் வரவழைத்துப் பழகிய தலைமுறைக்கு, அடுத்த மனிதரை நம்பி ஒரு நாளைத் தொடங்குவது பெரிய பயிற்சி. ஹவானாவில் படித்து வருவதன் பெருமதிப்பு அதில்தான் இருக்கிறது என்பேன்.

ஹவானா பல்கலைக்கழகம் 1728 ஜனவரியில் தொமினிக்கன் துறவிகளால் பழைய ஹவானாவில் இருந்த மடத்தில் தொடங்கப்பட்டது. 1902இல் இப்போதுள்ள குன்றுக்கு இடம் மாறியது; அதற்கு முன்பு அங்கே படைத்துறையின் வெடிமருந்துக் கூடம் இருந்தது. 88 படிகள் ஏறிப் போக வேண்டும். உச்சியில் இரு கைகளையும் விரித்து அமர்ந்திருக்கும் வெண்கலப் பெண் சிலை, சிற்பி மாரியோ கோர்பெல் 1919இல் செய்தது. மாணவர்கள் படம் எடுத்துக்கொள்ளும் இடம் அது. அந்தப் படிகள் இரத்தமும் பார்த்தவை. பத்திஸ்தாவின் சர்வாதிகாரக் காலத்தில் மாணவர் ஊர்வலங்கள் இந்தப் படிகளில் இறங்கித்தான் போலீஸை எதிர்கொண்டன. மாணவர் தலைவர் ஹோசே அந்தோனியோ எச்செவெர்ரியா 1957 மார்ச் 13 அன்று பல்கலைக்கழகத்தின் பக்கவாட்டுச் சுவருக்கு அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். ஸ்பானிய ஆட்சி 1871 நவம்பர் 27 அன்று மருத்துவ மாணவர்கள் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் மாணவர்கள் இந்தப் படிகளிலிருந்து கடலோர நினைவிடத்துக்கு நடந்து போகிறார்கள். வெளிநாட்டு மாணவர் ஆகஸ்டில் வந்து சேர்ந்திருந்தால், அந்த ஊர்வலத்தில் கலந்துகொள்ளும்போது அவருக்கு ஊர் ஓரளவு பிடிபட்டிருக்கும்.

வகுப்பறை எளிமையானது. கரும்பலகை, மரநாற்காலி, திறந்த சன்னல், சில நேரம் மின்விசிறி. பாடநூல்கள் குறைவு, பேராசிரியரின் பென் டிரைவிலிருந்து ஒரு மாணவர் எடுப்பார், அவரிடமிருந்து மற்றவர்கள் எடுப்பார்கள், இரண்டு நாளில் வகுப்பு முழுவதும் பரவிவிடும். மதிப்பெண் ஐந்துக்கு. 3 எடுத்தால் தேர்ச்சி, 2 என்றால் தோல்வி. வாய்மொழித் தேர்வுகள் நிறைய. வரலாறு, இலக்கியம், சமூகவியல் போன்ற வகுப்புகளில் மாணவர்கள் வாதம் செய்வதைக் கேட்கும் புதியவருக்குப் பாதி புரியாது. கியூபர்கள் சொல்லின் கடைசி 'ஸ்' ஒலியை விழுங்கிவிட்டு மூச்சுவிடாமல் பேசுவார்கள். அருகில் இருக்கும் சக மாணவி குறிப்பேட்டை நகர்த்திக் காட்டினால்தான் பிழைப்பு. பரிமாற்ற மாணவர்கள் பலரும் சொல்வது ஒன்றே: பேராசிரியர்கள் தேர்ந்தவர்கள், பாடத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கூட ஒன்றையும் சொல்ல வேண்டும். 2024இல் கியூபாவின் சராசரி மாதச் சம்பளம் 6,000 பெசோவுக்குச் சற்றுக் குறைவு. அதே ஆண்டில் முப்பது முட்டை கொண்ட ஓர் அட்டை 3,000 பெசோவைத் தொட்டது. பேராசிரியரும் இந்தச் சம்பளக் கணக்குக்குள்தான் குடும்பம் நடத்துகிறார்.

விடுதியில் இடம் கிடைக்காதவர்கள், அல்லது தங்கள் நாட்டுப் பல்கலைக்கழகத்தின் ஏற்பாட்டில் வந்தவர்கள், வீடுகளில் அறை எடுத்துத் தங்குவார்கள். வெளிநாட்டவருக்கு அறை வாடகைக்கு விட 1997இலிருந்து சட்டப்படி அனுமதி உண்டு. வாசலில் நங்கூரம் போன்ற நீல நிறச் சின்னம் இருந்தால் அது அப்படிப்பட்ட வீடு. வேதாதோவின் வீடுகள் உயரமான கூரையும் பளிங்குத் தரையுமாக ஒரு காலத்துச் செல்வத்தைச் சொல்லும். சுவரில் காரை பெயர்ந்திருக்கும். வீட்டுக்கார அம்மா காலையில் ஒரு விரற்கடை அளவுக் கோப்பையில் காப்பி தருவார். திக்கான, சர்க்கரை தூக்கலான காப்பி. ரேஷனில் வரும் காப்பித்தூளில் வறுத்த பட்டாணி கலந்திருக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் கொடுப்பார். ரேஷன் அட்டை 1962இலிருந்து இருக்கிறது. அதில் வரும் அரிசி, சர்க்கரை, எண்ணெய், பருப்பு எதுவும் மாதம் முழுவதற்கும் போதாது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு சிறு ரொட்டி. 2024 செப்டம்பரில் அதன் எடை 80 கிராமிலிருந்து 60 ஆகக் குறைந்தது. வெளிநாட்டு மாணவருக்கு அட்டை கிடையாது. ஆனால் அந்த ரொட்டியில் அவருக்கும் ஒரு துண்டு வரும். மறுத்தால் அந்த அம்மாவுக்குக் கோபம் வரும்.

தண்ணீர், மின்சாரம் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிய கதை. சென்னையில் வளர்ந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம்: தெருக்குழாயில் தண்ணீர் குறிப்பிட்ட நேரம் மட்டும் வரும், தரைத்தொட்டியில் நிரம்பும், மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். தண்ணீர் வரும் நேரத்தில் கரன்ட் இல்லையென்றால் மாடிக்கு ஒன்றும் போகாது. கியூபாவின் அனல்மின் நிலையங்கள் வயதானவை. அவற்றுள் பெரியதான மத்தான்சாஸ் நகரத்து அந்தோனியோ கித்தேராஸ் நிலையம் நின்றபோது, 2024 அக்டோபர் 18 அன்று தீவு முழுவதும் இருளில் மூழ்கியது. அதற்குப் பிறகும் பலமுறை மின்தொகுப்பு முழுவதுமாக விழுந்திருக்கிறது. எண்ணெய் தட்டுப்பாடு, உதிரிபாகம் கிடைக்காமை, அமெரிக்கத் தடை, பல்லாண்டு காலப் பராமரிப்புக் குறைவு என எல்லாம் சேர்ந்து விளைவித்த நிலை இது. ஹவானாவை வட்டாரங்களாகப் பிரித்து முறைவைத்து மின்வெட்டு செய்கிறார்கள். மருத்துவமனை இருக்கும் மின்சுற்றில் உங்கள் வீடும் இருந்தால் நல்வாய்ப்பு; அங்கே வெட்டு குறைவு. விவரம் அறிந்த மாணவர் அறை பார்க்கும்போது கடல் தெரிகிறதா என்று கேட்பதில்லை, அருகில் மருத்துவமனை உண்டா என்று கேட்பார்.

இருட்டில் தேர்வுக்குப் படிப்பது எப்படி? கைபேசியையும் சார்ஜ் விளக்கையும் கரன்ட் இருக்கும் போதே நிரப்பி வைத்துக்கொள்வார்கள். வெளிச்சம் உள்ள தோழி வீட்டுக்கு எல்லோரும் போய்ச் சேர்வார்கள். ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். கல்விக்கு இது நல்ல சூழல் என்று நான் சொல்லமாட்டேன். மாணவர்கள் இதைவிட நல்ல நிலைக்கு உரியவர்கள். ஆனால் அந்தக் கூடத்தில் பிறக்கும் நட்பு ஆயுளுக்கும் நிற்கும் என்பதையும் மறைக்க முடியாது.

ஊருக்குள் போய்வருவது தனிக் கலை. 'குவாகுவா' என்று அவர்கள் சொல்லும் அரசுப் பேருந்தில் கட்டணம் 2 பெசோ. இடம் கிடைப்பதுதான் பாடு. 1940கள், 50களின் அமெரிக்கக் கார்கள் குறிப்பிட்ட சாலைகளில் ஷேர் டாக்சியாக ஓடுகின்றன. சுற்றுலாப் பயணிக்கு அவை அழகுப் பொருள். மாணவருக்கு, முன்பின் தெரியாத ஐந்தாறு பேருடன் தொடை இடிக்க உட்கார்ந்து வகுப்புக்குப் போகும் வண்டி. பெரும்பாலும் உள்ளே டீசல் எஞ்சின் மாற்றியிருப்பார்கள், புகை வரும், கதவை மெதுவாகச் சாத்த வேண்டும், ஓங்கி அடித்தால் ஓட்டுநர் திட்டுவார். கையை நீட்டும் விதத்திலேயே எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிவிக்கும் சைகை மொழி உண்டு. பேச்சு மொழியைவிட அது சீக்கிரம் பழகிவிடும். எதுவும் கிடைக்காவிட்டால் சிக்னலில் நிற்கும் கார் சன்னலில் குனிந்து, "அந்தப் பக்கமா போறீங்க?" என்று கேட்பார்கள். சோவியத் ஒன்றியம் உடைந்து எரிபொருள் வறண்ட 1990களில் வேரூன்றிய வழக்கம் இது. அரசு வாகனங்களை நிறுத்தி மக்களை ஏற்றிவிடவே மஞ்சள் சீருடை அணிந்த ஊழியர்கள் சாலைச் சந்திப்புகளில் நின்றார்கள்.

இணையத்தின் வரலாறும் இங்கே தனி. 2015இல்தான் பூங்காக்களில் வைஃபை வந்தது. சுரண்டும் அட்டை வாங்கி, எண்ணை அடித்து, நேரம் ஓடிக்கொண்டிருக்க அம்மாவுக்கு வீடியோ அழைப்பு போட்ட மாணவர்கள் பூங்கா பெஞ்சுகளில் நிறைந்திருந்தார்கள். கைபேசியில் இணையம் வந்தது 2018 டிசம்பரில். அதற்கு முன்பே கியூபர்கள் தாமே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள்: வாரம் ஒருமுறை ஒரு டெராபைட் அளவுக்குத் திரைப்படம், தொடர், இதழ், மென்பொருள் எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்கில் ஏற்றி வீடுவீடாக விற்கும் 'வாரப் பொட்டலம்'. 2025 மே இறுதியில் அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனம் கட்டணத்தை ஒரேயடியாக உயர்த்தியபோது, முதலில் எதிர்த்து எழுந்தவர்கள் ஹவானா பல்கலைக்கழக மாணவர்கள். பொதுவாகத் தெருவில் குரல் எழுப்புவது ஆபத்தான நாட்டில், தங்கள் துறைகளின் பெயரால் அறிக்கை விட்டு வகுப்பைப் புறக்கணிக்க அழைத்தார்கள். நிறுவனம் மாணவர்களுக்கு மட்டும் சலுகை தந்தது. எங்களுக்கு மட்டும் வேண்டாம், எல்லோருக்கும் வேண்டும் என்று அவர்களில் ஒரு சாரார் சொன்னது என் நெஞ்சைத் தொட்டது.

காசைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அமெரிக்க வங்கி அட்டைகள் இங்கே செல்லாது. அங்கிருந்து வருபவர் ஒரு செமஸ்டருக்கான பணத்தை நோட்டாகக் கொண்டுவர வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் இரட்டை நாணய முறை ஒழிந்தது. 2022இல் அரசு மாற்றகங்களில் டாலருக்கு 120 பெசோ என்று வைத்தார்கள். தெருவில் 2024இலேயே 300ஐத் தாண்டியது. ஆக, சொந்த ஊரில் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடு வரும் சாதாரண மாணவர், இங்கே இறங்கியதும் தன் பேராசிரியரைவிட வசதி படைத்தவர் ஆகிவிடுகிறார். இது உறவுகளைக் கோணலாக்கும். நட்பா, பணமா என்று இரு பக்கமும் சந்தேகம் வரும். எல்லோருக்கும் தானே செலவு செய்வதும் அவமதிப்பு, கணக்குப் பார்த்துப் பங்கு கேட்பதும் அவமதிப்பு. நல்ல மாணவர்கள் நடுவழியைக் கண்டுகொள்கிறார்கள்: சமையலுக்கு எண்ணெயும் அரிசியும் வாங்கி வந்து கொடுப்பார்கள், சமைப்பது தோழியின் அம்மா.

தெருவில் இன்னொரு கோணலும் உண்டு. வெள்ளைத் தோல் மாணவரை யாரும் நிறுத்த மாட்டார்கள். ஆப்பிரிக்க அமெரிக்க மாணவர்கள் கியூபர் என்று கருதப்பட்டு அடையாள அட்டை கேட்கப்பட்டதையும் ஓட்டல் வாசலில் தடுக்கப்பட்டதையும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரிலிருந்து ஒருவர் போனாலும் வாயைத் திறக்கும் வரை கியூபராகவே கொள்ளப்படும் வாய்ப்பு அதிகம். அதில் ஓர் அணுக்கம் உண்டு. கறுப்பு நிறக் கியூபர் அன்றாடம் படுவதை உடம்பால் அறியும் வாய்ப்பும் அதுதான். மாணவிகள் சாலையில் கேட்கும் சீண்டல் பேச்சு வேறு. அதைக் கலாசாரம் என்று சொல்லிச் சிரித்துக் கடப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

உடம்புக்கு வருவோம். மருந்துக் கடைகள் காலியாகக் கிடப்பதால் காய்ச்சல் மாத்திரை முதல் கொண்டுபோக வேண்டும். டெங்கு பரவும் காலத்தில் புகை அடிப்பவர்கள் கதவைத் தட்டுவார்கள். டீசல் நெடியோடு வெண்புகை வீடு முழுவதும் நிறைய, குடித்தனக்காரர்கள் எல்லோரும் நாற்காலியோடு தெருவில் உட்கார்ந்திருப்பார்கள். மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது கொசு என்று 1881இல் முதலில் சொன்னவர் இதே ஹவானாவில் வாழ்ந்த மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே. அந்தத் தெருவோரப் பேச்சில் அவர் பெயர் கட்டாயம் ஒருமுறை வரும்.

மாலை ஆனதும் ஊர் கடற்கரைக்கு நகரும். மலேகோன் எனும் கடல்தடுப்புச் சுவர் 1901இல் கட்டத் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர். காசு செலவில்லாமல் உட்காரக்கூடிய இடம் என்பதால் கியூப மாணவரும் வெளிநாட்டு மாணவரும் சமமாக இருக்கும் இடமும் அதுவே. வேர்க்கடலையைக் காகிதக் குழலில் விற்பவர் வருவார். கிதார் வரும். இரவு ஒன்பது மணிக்குக் கபாஞ்ஞா கோட்டையில் பீரங்கி வெடிக்கும். காலனிக் காலத்தில் நகர வாயில் மூடப்படுவதை அறிவித்த வெடி, இன்று கைக்கடிகாரம் சரிபார்க்க உதவுகிறது. இன்னொரு கூடுமிடம் 1966இல் திறந்த கோபெலியா ஐஸ்கிரீம் பூங்கா. தோமாஸ் குத்தியேர்ரெஸ் அலேயாவும் ஹுவான் கார்லோஸ் தாபியோவும் 1993இல் எடுத்த 'ஸ்ட்ராபெரியும் சாக்லேட்டும்' படத்தில் பல்கலைக்கழக மாணவன் தாவீதும் தன்பாலீர்ப்பாளனான தியேகோவும் சந்திப்பது இங்கேதான். டிசம்பர் வந்தால் லத்தீன் அமெரிக்கத் திரைவிழா, 1979இலிருந்து நடக்கிறது. வகுப்பைத் துறந்துவிட்டு ஒரு திரையரங்கிலிருந்து இன்னொன்றுக்கு ஓடும் அந்த நாள்களை இழக்க எந்த மாணவரும் ஒப்பமாட்டார். சினிமாவைப் பற்றி இத்தனை உரிமையோடு சண்டை போடும் பார்வையாளர்களை வேறெங்கு காண்பது?

ஒரு செமஸ்டர் வந்து போகும் ஐரோப்பிய, அமெரிக்க மாணவர்களை மட்டும் வைத்து இந்த நகரத்தைப் புரிந்துகொள்ளக் கூடாது. கியூபா ஏழை நாடுகளின் பிள்ளைகளை இலவசமாகப் படிக்க வைத்த நாடு. 1970களின் இறுதியிலிருந்து அங்கோலா, மொசாம்பிக், நமீபியா போன்ற நாடுகளின் ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெற்கே உள்ள இளைஞர் தீவில் படித்தார்கள். 1998இல் ஜார்ஜஸ், மிட்ச் புயல்கள் மத்திய அமெரிக்காவையும் கரீபியனையும் நாசமாக்கிய பிறகு, மருத்துவர்களை அனுப்பினால் மட்டும் போதாது, அந்த ஊர்ப் பிள்ளைகளையே மருத்துவராக்க வேண்டும் என்று 1999இல் ஹவானாவுக்கு மேற்கே பழைய கடற்படைக் கழகத்தில் லத்தீன் அமெரிக்க மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 30,000க்கும் அதிகமான மருத்துவர்கள் அங்கிருந்து வெளிவந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஏழை வட்டாரப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. இந்த மாணவர்களின் அன்றாடம் வேறு: ஆறேழு ஆண்டு, பலர் சேர்ந்த படுக்கை அறை, அதே அரிசியும் பயறும், ஊருக்குப் போக டிக்கெட் காசு இல்லாத விடுமுறைகள். புகார் சொல்வார்கள், படித்து முடித்தும் போவார்கள்.

இப்போது ஹவானாவில் படிக்க வரும் மாணவர் கண்ணில் படும் பெரிய மாற்றம், வகுப்பறையில் காலியாகும் நாற்காலிகள். 2021க்குப் பிறகு பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். 1.1 கோடிக்கு மேல் இருந்த மக்கள்தொகை, அரசுக் கணக்குப்படியே 2024 இறுதியில் ஒரு கோடிக்குக் கீழே வந்துவிட்டது. போகிறவர்களில் இளைஞர்கள் அதிகம். செப்டம்பரில் குறிப்பேடு கொடுத்த தோழி பிப்ரவரியில் மாட்ரிடிலோ மயாமியிலோ இருப்பாள். இளம் விரிவுரையாளர் பாதியில் விடைபெறுவார். உலகைப் பார்க்க ஹவானாவுக்கு வந்த மாணவர், உலகத்துக்குத் தப்பிப் போகக் காத்திருக்கும் நண்பர்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார். அவர் கையில் திரும்பும் டிக்கெட் இருக்கிறது. அவர்களிடம் வீட்டை விற்ற காசு. அதை எந்தப் பாடத்திட்டமும் சமன் செய்யாது.

என் குறை இதுதான். இந்தப் பரிமாற்றம் ஒரு பக்கமாகவே ஓடுகிறது. ஹவானா மாணவர் வெளிநாடு போய் ஒரு செமஸ்டர் படிக்க வழி குறுகிக்கொண்டே வருகிறது. 2017இல் ஹவானாவின் அமெரிக்கத் தூதரகம் ஊழியர்களைக் குறைத்தபின் கியூபர்கள் விசாவுக்காக கயானா வரை பறக்க வேண்டியிருந்தது. 2025 ஜூனில் டிரம்ப் பிறப்பித்த ஆணை, கியூபர்களுக்கான மாணவர் விசாவையும் பரிமாற்ற விசாவையுமே நிறுத்தியது. ஐரோப்பாவில் விசா கிடைத்தாலும் விமானக் கட்டணத்துக்கு ஒரு பேராசிரியரின் பல ஆண்டுச் சம்பளம் வேண்டும். இந்திய அரசின் ஐடெக் திட்டத்தில் கியூபர்கள் குறுகிய காலப் பயிற்சிக்கு வருவதுண்டு; அந்த வழி ஒரு முழு செமஸ்டர் படிப்புக்கு விரிந்தால் நல்லது.

ஊர் திரும்பும் மாணவர்கள் காலணி, சார்ஜர், பென் டிரைவ், மிச்ச மாத்திரை எல்லாவற்றையும் நண்பர்களிடம் விட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். அது வழக்கமாகவே ஆகிவிட்டது. அதோடு நிற்காமல், தங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்: கட்டண விலக்கு, விமான டிக்கெட், விடுதி இடம், தூதரகத்துக்கு அழைப்புக் கடிதம், இவை நான்கும் சேர்த்து ஹவானா மாணவர் ஒருவருக்கு ஒதுக்கும்படி. விசா வேலைக்கே மாதக்கணக்கில் ஆகும் என்பதால், ஊர் வந்து பெட்டியைப் பிரித்த வாரத்திலேயே எழுதினால்தான் அடுத்த கல்வியாண்டுக்குள் ஒருவராவது வந்து சேர முடியும்.